தரையில் கிடந்த இலையை எண்ணியபோது

டாப்ஸ்லிப் போய் வந்தவர்களின் செல்போனில் ஒரு படம் தவறாமல் இருக்கும். திருகித் திருகி மேலே போகிற ஒரு பெருங்கொடி, அதில் சாய்ந்தபடி ஒருவர். என்ன கொடி என்று கேட்டால் ஒருவர் சில்லு என்பார், இன்னொருவர் இரிக்கி என்பார், பரம்பிக்குளம் பக்கத்துக்காரர் காக்கவள்ளி என்பார். டார்ஜான் கொடி என்று முடித்துக்கொள்பவர்களும் உண்டு. இது எந்தக் குடும்பம், எந்த இனம், எதைப் பார்த்து அப்படிச் சொல்கிறார்கள் என்பதை நேரிலேயே பார்த்துவிடுவது என்று கிளம்பினேன். காட்டுக்கு முன்னால் கோயம்புத்தூரில் ஓர் இடத்துக்குப் போக வேண்டியிருந்தது.

லாலி ரோட்டில், வேளாண்மைப் பல்கலைக்கழக வளாகத்துக்குள் இருக்கிறது பொட்டானிக்கல் சர்வே ஆஃப் இந்தியாவின் தென்மண்டல அலுவலகம். மெட்ராஸ் ஹெர்பேரியம் இருப்பது இங்கேதான். உள்ளே நுழைந்ததும் அந்துருண்டை வாடை மூக்கில் ஏறியது. வரிசை வரிசையாக இரும்பு பீரோக்கள். ஒவ்வொன்றுக்குள்ளும் தடித்த தாளில் ஒட்டிய செடிகள் அடுக்கடுக்காக இருக்கின்றன. ஒரு தாளின் அளவு 42 செ.மீ.க்கு 28 செ.மீ. நான் பார்க்க வந்த கொடியின் ஒரு காய்கூட அதற்குள் அடங்காது.

அங்கிருந்த ஆய்வாளர் என்டாடா என்ற பேரினத்தின் தாள்கட்டை எடுத்து மேசையில் வைத்தார். மேல்தாளில் பழுப்பேறிய ஓர் இலை, விரல் நீளத்தில் இரண்டு பூக்கதிர்கள், ஓரத்தில் மடித்து ஒட்டிய காகித உறை. தண்டு என்று பார்த்தால் பென்சில் கனத்தில் ஒரு குச்சிதான். காய்களைத் தனிப் பெட்டியில் வைப்பார்களாம்.

"அந்தத் திருகின தண்டுல ஒரு துண்டு கிடையாதா?" என்று கேட்டேன்.

"தண்டை மட்டும் கொண்டுவந்து கொடுத்தா யாரும் பேர் எழுத மாட்டோம் சார். இலை வேணும், பூ வேணும், காய் வேணும். மூணும் ஒரே நாள்ல ஒரே கொடியில கிடைக்கிறது அபூர்வம்" என்றார்.

அவர் கொடுத்த கைலென்ஸில் கதிரைப் பார்த்தேன். கதிர் முழுக்கக் காம்பே இல்லாததுபோல நெருக்கமாகப் பூக்கள். ஒவ்வொரு பூவும் கொத்தமல்லி விதையைவிடச் சின்னது. 5 இதழ், 10 மகரந்தத்தாள். தாளின் நுனியில் இருக்கிற மகரந்தப்பையின் மேல் குட்டியாக ஒரு சுரப்பி இருக்குமாம். பூ வாடும்போதே அது உதிர்ந்துவிடும் என்பதால் காய்ந்த பூவில் தேடிப் பயனில்லை என்றார். இவ்வளவு சின்னப் பூவிலிருந்து ஒரு மீட்டருக்கும் மேல் நீளமான காய் வருகிறது. அந்தப் பெரிய காயும் அவரைக்காய் மாதிரி இரு ஓரம் கொண்ட ஒரு பருப்புக்காய்தான். ஆகவே இது ஃபேபேசி குடும்பம்.

தாளின் கீழ்மூலையில் ஒன்றுக்குமேல் ஒன்றாகப் பெயர்ச்சீட்டுகள் ஒட்டியிருந்தன. பழைய சீட்டைக் கிழிக்க மாட்டார்கள், புதிய சீட்டைப் பக்கத்தில் ஒட்டுவார்கள். அடியில் ஸ்காண்டென்ஸ், அடுத்து புர்சீதா, கடைசியில் ரீடியை. செடி ஒன்றுதான், பெயர் மாறியபடி இருக்கிறது. 1753-இல் லின்னேயஸ் இந்தப் பெருங்கொடியை மிமோசா என்டாடா என்று எழுதினார். 1763-இல் அடான்சன் என்டாடா என்ற பேரினத்தைத் தனியாகப் பிரித்தார். 19ஆம் நூற்றாண்டில் பெந்தம், உலகத்தின் வெப்பக்காடுகளில் உள்ள பெருஞ்சில்லுக் கொடிகளை எல்லாம் என்டாடா ஸ்காண்டென்ஸ் என்ற ஒரே பெயரில் சேர்த்தார். ஹூக்கரின் பிரிட்டிஷ் இந்தியத் தாவர நூலிலும் அந்தப் பெயர்தான். பிறகு வந்தவர்கள் இலையையும் காயையும் ஒப்பிட்டுத் திரும்பவும் பிரித்தார்கள். அமெரிக்காவிலும் ஆப்பிரிக்காவிலும் வளர்வது கைகாஸ். தென்கிழக்கு ஆசியாவிலும் பசிபிக் தீவுகளிலும் வளர்வது ஃபேசியோலாய்டிஸ். ஆப்பிரிக்காவிலிருந்து இந்தியா வழியாக வட ஆஸ்திரேலியா வரை பரவியிருப்பது ரீடியை. 1825-இல் ஸ்ப்ரெங்கல் வைத்த பெயர் அது. அதே ஆண்டில்தான் டி கான்டோல் புர்சீதா என்ற பெயரையும் வெளியிட்டார்.

ரீடியை என்பது வான் ரீட் என்ற டச்சுக்காரரின் நினைவாக வைத்தது. கொச்சியில் டச்சுக் கம்பெனியின் தளபதியாக இருந்த அவர், இட்டி அச்சுதன் என்ற மலையாள வைத்தியரின் அறிவைத் துணையாகக் கொண்டு 'ஹோர்டஸ் மலபாரிகஸ்' என்ற 12 தொகுதி நூலை உருவாக்கினார். ஆம்ஸ்டர்டாமில் 1678 முதல் 1693 வரை அது அச்சானது. இந்தக் கொடி அதில் பெரும்காக்குவள்ளி என்று படத்தோடு இருக்கிறது. பரம்பிக்குளத்துக்காரர் சொன்ன காக்கவள்ளி முந்நூறு வருஷத்துக்கு முன்பே அச்சேறிய பெயர் என்பதில் எனக்கு ஒரு சந்தோஷம். வைத்தியரின் பெயர் எந்தச் சீட்டிலும் இல்லாததில் வருத்தமும் உண்டு.

குடும்பத்துக்குள்ளும் அண்மையில் ஒரு மாற்றம் நடந்திருக்கிறது. முன்பு தொட்டாற்சிணுங்கி, கருவேல் வகையறாவை மிமோசாய்டே என்று தனியாக வைத்திருந்தார்கள். 2017-இல் பல நாட்டு ஆய்வாளர்கள் சேர்ந்து மரபணு ஆதாரத்தோடு அடுக்கை மாற்றினார்கள். இப்போது அவை கொன்றை இருக்கும் சிசால்பினியாய்டே என்ற துணைக்குடும்பத்துக்குள் வந்துவிட்டன. நம் கொடியும் அங்கேதான்.

கிளம்பும்போது ஆய்வாளர் ஒன்றை மட்டும் குறித்துக்கொள்ளச் சொன்னார். ரீடியை என்றால் இலையின் நடுக்காம்பில் இரண்டு ஜோடிக் கிளைக்காம்பு, ஒவ்வொன்றிலும் மூன்று முதல் ஐந்து ஜோடிச் சிற்றிலை இருக்கும். ஃபேசியோலாய்டிஸ் என்றால் ஒன்று இரண்டு ஜோடிதான், சிற்றிலையும் பெரிது. "எண்ணிப் பாருங்க, அது போதும்" என்றார்.

மறுநாள் பொள்ளாச்சி. உக்கடத்திலிருந்து 40 கிலோமீட்டர். டாப்ஸ்லிப் பஸ்ஸுக்கு நேரம் இருந்ததால் மார்க்கெட் ரோட்டில் ஒரு நாட்டு மருந்துக் கடையில் ஏறினேன். சில்லு விதை இருக்கிறதா என்று கேட்டதும் கடைக்காரர் அடித்தட்டிலிருந்து ஒரு டப்பாவை இழுத்தார். காப்பிக்கொட்டை நிறத்தில், வழுவழுவென்று, தட்டையான வட்ட விதைகள். ஒன்று 30 ரூபாய். குறுக்களவு 5 செ.மீ., கடைத் தராசில் 19 கிராம். நகத்தால் கீறினால் கோடுகூட விழவில்லை.

"கல்லு மாதிரிங்க. தண்ணியில போட்டா நேரா அடியிலதான் நிக்கும்" என்றார்.

இரண்டு வாங்கினேன். பக்கத்து டீக்கடையில் 15 ரூபாய்க்கு ஒரு டீ சொல்லிவிட்டு, கிளாஸ் கழுவ வைத்திருந்த வாளியில் இரண்டையும் போட அனுமதி கேட்டேன். இரண்டும் மிதந்தன. விரலால் அமுக்கி விட்டால் எழும்பி வந்தன. டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் எட்டிப் பார்த்துவிட்டு வேலையைத் தொடர்ந்தார். விதைக்குள் இரண்டு பருப்புக்கும் நடுவில் காற்று அடைந்த ஓர் இடைவெளி இருக்கிறது. தண்ணீர் புகாத தோல் வெளியே. அதனால்தான் ஆற்றோடு போய்க் கடலில் விழுந்தாலும் இந்த இனத்து விதைகள் மாதக்கணக்கில் மிதக்கின்றன. அமெரிக்கக் கொடியின் விதைகள் அட்லாண்டிக்கைக் கடந்து நார்வே கரையில் ஒதுங்கியிருக்கின்றன. அங்கே அவற்றைக் குடைந்து மூக்குப்பொடி டப்பா செய்திருக்கிறார்கள். பெந்தம் எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்ததை இதை வைத்துப் பார்த்தால் புரிகிறது. கரை ஒதுங்கிய விதையை மட்டும் கையில் வைத்துக்கொண்டு அது எந்தக் கண்டத்துக் கொடி என்று சொல்வது சுலபமான காரியமல்ல.

பஸ் ஆனைமலை, வேட்டைக்காரன்புதூர் வழியாகத் தென்னந்தோப்புகளுக்குள் ஓடியது. சேத்துமடை சோதனைச் சாவடியில் இறங்கிப் பையைத் திறந்து காட்டச் சொன்னார்கள். பிளாஸ்டிக் பாட்டிலும் கவரும் உள்ளே போக முடியாது. அவித்த நிலக்கடலை 20 ரூபாய்க்கு வாங்கியிருந்தேன், அது காகிதப் பொட்டலம் என்பதால் தப்பியது. சில்லு விதைகள் கடையில் வாங்கியவை என்று அங்கேயே காட்டிப் பதிந்துகொண்டேன். திரும்பும்போது காட்டிலிருந்து எடுத்ததாக யாரும் நினைக்கக் கூடாதல்லவா.

அங்கிருந்து மலைப்பாதை. முதலில் மூங்கில், பிறகு நெடுகத் தேக்கு. ஜனவரி மாதம் என்பதால் தேக்கு இலை பழுத்துச் சரசரத்தது. தேக்குத் தோட்டத்தில் எவ்வளவு தேடியும் கனமான கொடி ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. இதில் ஆச்சரியம் இல்லை. மரம் வளர்க்கும் காட்டில் கொடி வெட்டுவது வனத்துறையின் பழைய வேலைமுறைகளில் ஒன்று. கொடி மரத்தை வளைக்கும், வெளிச்சத்தை மறைக்கும், மரம் வெட்டும்போது பக்கத்து மரங்களையும் சேர்த்து இழுத்துப் போடும். வெட்டினால் மரத்துக்கு லாபம்தான். ஆனால் இடுப்பளவு சுற்றுள்ள கொடி ஒன்றைப் பார்க்க வேண்டுமென்றால், அந்த அரிவாள் போகாத இடத்துக்குத்தான் போக வேண்டும். ஆனைமலையில் அப்படிப்பட்ட இடங்களில் ஒன்று கரியன் சோலை.

டாப்ஸ்லிப் வரவேற்பு அறையில் ரசீது போட்டு, ஒரு வழிகாட்டியைச் சேர்த்து அனுப்பினார்கள். பக்கத்துப் பழங்குடிக் குடியிருப்பைச் சேர்ந்தவர், ஐம்பது வயது இருக்கும். சோலைக்குள் கால் வைத்ததும் வெயில் அறுந்துபோனது. தேக்கின் சரசரப்பு நின்று, மண்ணும் மக்கிய இலையும் கலந்த ஈர வாடை அடித்தது. பத்தடி போவதற்குள் பிரம்பின் முள்கொக்கி சட்டைக் கையைப் பிடித்து இழுத்தது. அதற்கு அடுத்த மரத்தில் காட்டு மிளகு வேர்விட்டுப் பட்டையோடு ஒட்டிப் போயிருந்தது. ஒன்று கொக்கியால் ஏறுகிறது, இன்னொன்று வேரால் ஏறுகிறது.

சுமார் ஒன்றரைக் கிலோமீட்டர் நடந்த பிறகு வழிகாட்டி நின்றார். "இதானுங்க சார்."

தண்டு தரையிலிருந்து ஒரு வளைவு வளைந்து எழுந்து, தட்டையாகி, முறுக்கிப் பிழிந்த ஈரவேட்டி மாதிரி திருகிக்கொண்டு மேலே போயிற்று. கொடிகளை அளக்கும்போது வேரிலிருந்து தண்டின் போக்கிலேயே 130 செ.மீ. தள்ளி அளப்பது ஆய்வாளர்களின் வழக்கம். தையல்காரர் டேப்பை அங்கே சுற்றினேன். சுற்றளவு 79 செ.மீ. அகலப் பக்கம் 34, ஒடுங்கிய பக்கம் 14. பட்டை சொரசொரப்பாக, சாம்பல் கலந்த பழுப்பு. கைவைத்தால் வெளியே உலர்ந்தும், பள்ளங்களில் பாசி பிடித்துச் சில்லென்றும் இருந்தது.

"மரத்தோட சத்தை எல்லாம் உறிஞ்சிருமுங்க இது" என்றார் வழிகாட்டி. எங்களுக்குப் பின்னால் வந்த குழுவிலும் ஒருவர் அதையே சொன்னார். நான் தண்டைச் சுற்றி வந்தேன். அடியில் மண்ணுக்குள் சொந்த வேர் இறங்கியிருக்கிறது. அங்கிருந்து கண்ணுக்கு எட்டிய உயரம் வரை, எப்படியும் இருபது மீட்டர் இருக்கும், தண்டு எந்த மரத்தையும் தொடவில்லை. பக்கத்து நாங்கு மரத்துக்கும் அதற்கும் நடுவில் நான் கையை நீட்டி நிற்க முடிந்தது. மேலே கிளைமீது சாய்ந்திருக்கும் இடத்தைப் பைனாகுலரில் பார்த்தேன். அங்கும் வேரோ ஊசியோ எதுவும் மரத்துக்குள் இறங்கவில்லை. வெளிச்சத்தை மறைத்தும், தன் பாரத்தை ஏற்றியும், மண்ணில் தண்ணீருக்குப் போட்டியிட்டும் இது மரத்துக்குக் கஷ்டம் கொடுக்கிறது. அதன் சாற்றைக் குடிப்பதில்லை. தன் தண்ணீரைத் தானே ஏற்றிக்கொள்கிறது. கொடித்தண்டில் நீர்க்குழாய்கள் மரத்தில் இருப்பதைவிட அகலம். நிற்பதற்கு வலு தேவையில்லாததால் தண்டின் இடத்தை அது குழாய்க்கு ஒதுக்க முடிகிறது.

எதையும் தொடாமல் எப்படி மேலே போனது என்ற கேள்வி அதற்குப் பிறகுதான் வந்தது. இளங்கொடியாக இருந்தபோது அது ஏதோ ஒரு சின்ன மரத்தைப் பிடித்துத்தான் ஏறியிருக்க வேண்டும். அந்த மரம் பட்டு, விழுந்து, மக்கி மண்ணாகிவிட்டது. அதற்குள் கொடியின் மேல்பகுதி வேறு மரங்களின் உச்சியைப் பிடித்துக்கொண்டது. இப்போது தொங்கும் தண்டுக்கு அடியில் மண் கொஞ்சம் மேடாகத் தெரிந்தது. அது அந்த மரத்தின் மிச்சமா என்று தோண்டிப் பார்க்கிற இடம் இதுவல்ல.

தண்டுக்குப் பக்கத்தில் உதிர்ந்து கிடந்த பட்டைத் துண்டு ஒன்றை எடுத்து, ஓடையோரத் தண்ணீரில் வழிகாட்டி உள்ளங்கையில் தேய்த்துக் காட்டினார். வெள்ளையாக நுரை வந்தது. "எங்கம்மா காலத்துல இதுலதான் தலை அலசுவாங்க. சோப்பெல்லாம் அப்புறம்தானுங்க" என்றார். சபோனின் என்ற பொருள்தான் நுரைக்குக் காரணம். விதையிலும் அது உண்டு. அதனால்தான் காட்டில் வாழ்பவர்கள் இந்த விதையை வறுத்து, நாள்கணக்கில் ஊறவைத்துத் தண்ணீரை மாற்றி மாற்றிக் கழுவாமல் தின்பதில்லை. பிலிப்பைன்சில் ஃபேசியோலாய்டிஸ் பட்டையை இன்றும் தலைக்குத் தேய்க்கிறார்கள்.

படம் எடுப்பவர்கள் எல்லோரும் தண்டோடு நின்று எடுத்துவிட்டுப் போனார்கள். நான் குனிந்து தரையைப் பார்க்க ஆரம்பித்தேன். பெயர் சொல்லும் பாகங்கள் எல்லாம் முப்பது மீட்டர் உயரத்தில் இருக்கின்றன. கீழே நிற்பவனுக்கு உதிர்ந்ததுதான் கதி. கொஞ்ச நேரம் ஒன்றும் கிடைக்கவில்லை. நாங்கு இலை, அயனி இலை, பாதி தின்ற ஏதோ ஒரு பழம். பிறகு மேலே கருமந்திகள் ஒரு கிளையிலிருந்து இன்னொன்றுக்குத் தாவ, பச்சையாக ஒரு கொத்து இலை இருபதடி தள்ளி வந்து விழுந்தது.

அதை நிலத்தில் வைத்தபடியே எண்ணினேன். நடுக்காம்பு ஒன்று. அதிலிருந்து இரண்டு ஜோடிக் கிளைக்காம்பு. முதல் கிளையில் நான்கு ஜோடிச் சிற்றிலை, அடுத்ததில் நான்கு, மூன்றாவதில் மூன்று ஜோடியும் ஒரு சிற்றிலை உதிர்ந்த தழும்பும், நான்காவதில் நான்கு. சிற்றிலை ஒன்று 6 செ.மீ. நீளம், 2.5 செ.மீ. அகலம். நடுநரம்பு சரியாக நடுவில் இல்லை, ஒரு பக்கம் ஒதுங்கியிருக்கிறது. நுனியில் நகத்தால் கிள்ளியதுபோல ஒரு சின்ன வெட்டு. நடுக்காம்பின் முனையில் இலைக்குப் பதில் இரண்டாகப் பிரிந்த பற்றுச்சுருள் இருந்தது. அதன் ஒரு கிளை ஏதோ ஒரு குச்சியைச் சுற்றி இறுகிக் கட்டையாகவே ஆகிவிட்டிருந்தது. இவ்வளவு பெரிய கொடியைக் காட்டின் உச்சிக்கு ஏற்றிய கருவிகளில் ஒன்று கம்பி கனத்தில் இருக்கும் இந்தச் சுருள். எனக்கு அந்த 79 செ.மீ. தண்டைவிட இதுதான் பெரிதாகப் பட்டது.

காயும் கிடைத்தது, ஆனால் முழுதாக இல்லை. 83 செ.மீ. நீளத்துக்கு ஒரு கட்டைச் சட்டம் மட்டும், நடுவில் ஒன்றும் இல்லாமல். முற்றிய காயின் வெளித்தோல் உரிந்த பிறகு, உள்ளே ஒவ்வொரு விதையும் தனித்தனி அறையோடு கழன்று விழும். இரண்டு ஓரமும் மட்டும் சட்டமாகக் கொடியிலேயே தொங்கிக்கொண்டிருந்துவிட்டுப் பிறகு விழும். சருகுக்கடியில் கழன்ற அறை ஒன்று கிடந்தது. சதுரமாக, காகிதம்போல மெல்லிய சுவர், ஆட்டினால் உள்ளே விதை கடகடத்தது. பொள்ளாச்சியில் வாங்கியதைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். நிறமும் அளவும் ஒத்துப்போயின. அறையை எடுத்த இடத்திலேயே வைத்தேன். மேலே பைனாகுலரில் இன்னும் உடையாத காய் ஒன்று தெரிந்தது. 11 புடைப்பு எண்ண முடிந்தது, மீதியை இலை மறைத்தது.

இந்தச் சோலை முழுக்க இருப்பது ஒரே கொடிதான் என்று வழிகாட்டி உறுதியாகச் சொன்னார். நடந்து பார்த்துவிடலாம் என்றேன். தண்டு மேலே போய், பக்கத்து மரத்திலிருந்து பெரிய ஊஞ்சல் வளைவாகத் தரைவரை இறங்கி, மறுபடி ஏறி, ஓர் அயனியின் மேல் போயிற்று. அங்கிருந்து கயிறுபோல இலையே இல்லாத ஒரு நீட்டம் இடைவெளியைத் தாண்டி அடுத்த மரத்துக்குப் போனது. அதன் கீழேயே அறுபது தப்படி நடந்தேன். பிறகு ஒரு பள்ளத்தில் ஈட்டா மூங்கில் வழியை மறித்தது. பள்ளத்தின் இந்தக் கரையில் இன்னொரு திருகுதண்டு தன் சொந்த வேரோடு நின்றது. ஆக, நான் பார்த்த வரையில் வேர் இரண்டு. மண்ணுக்கடியிலோ உச்சியிலோ அவை சேர்கின்றனவா என்று கண்ணால் சொல்ல முடியாது.

ஆனாலும் அவர் சொன்னதை நான் ஒதுக்கிவிடவில்லை. பெங்களூரில் ஓர் ஆய்வு வளாகத்தில் வளர்த்த ஒற்றைக் கொடி 17 வருஷத்தில் ஏறக்குறைய 1.6 ஹெக்டேர் பரப்பில் மரங்களின் தலைமேல் பரவியதை 2009-இல் கரன்ட் சயின்ஸ் இதழில் எழுதியிருக்கிறார்கள். இலையில்லாத கயிறு நீட்டங்களை ஆகாயத்திலேயே ஓடவிட்டு அது மரத்துக்கு மரம் தாண்டியிருக்கிறது. நான் இப்போது பார்த்த நீட்டமும் அதே வகைதான். மழைக்காடே இல்லாத பெங்களூரில் அப்படி வளர்ந்தது என்றால், ஏன் இயற்கையில் ஈரக்காட்டைவிட்டு வெளியே வருவதில்லை என்ற கேள்வியையும் அந்தக் கட்டுரையே எழுப்புகிறது.

வரவேற்பு அறைக்குத் திரும்பியதும் நோட்டில் எழுதினேன். இலை: இரண்டு ஜோடிக் கிளை, நான்கு ஜோடிச் சிற்றிலை, ரீடியையோடு ஒத்துப்போகிறது. காய்: ஒத்துப்போகிறது. பூ: பார்க்கவில்லை.

"எப்பங்கண்ணா பூக்கும்?" என்று கேட்டேன்.

"மாசி கடைசி, பங்குனியில கொட்டுமுங்க. ஆனா அப்ப தீ சீசன், உங்களை உள்ள விட மாட்டாங்க."

அவர் குடியிருப்போ காட்டுக்குள்ளேயே இருக்கிறது. டேப்பை அவரிடம் கொடுத்தேன். பூ கொட்டினால் எதையும் எடுக்க வேண்டாம், பக்கத்தில் டேப்பை நீட்டி வைத்து செல்போனில் ஒரு படம் மட்டும் எடுத்து அனுப்பினால் போதும் என்று சொன்னேன்.

"தண்டோட சேத்து எடுக்கறதுங்களா?"

"தண்டு வேண்டாம்ணா. கீழ விழுந்த கதிரு, பக்கத்துல ஒரு இலை. அவ்வளவுதான்."